லிண்டலில் இறங்காத டிரில் எதற்கு?

கேட்டவர் சொன்ன விவரம் இது. தாம்பரம் பக்கம் சொந்த வீடு, குடிபோய் இரண்டு வருடம் ஆகிறது. திரைக் கம்பி, சாமி அலமாரி, டிவி, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் என்று சுவரில் மாட்ட வேண்டியவை இன்னும் பாக்கி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் நாலு ஓட்டைக்கு அரை நாள் கூலி கேட்கிறார், கேட்ட நாளில் வருவதும் இல்லை. 4,000 ரூபாய்க்குள் ஒரு ஹாமர் டிரில் வாங்கிவிடலாம் என்று பார்க்கிறார். 500 வாட் போதுமா, 650 வேண்டுமா, 800-க்குப் போக வேண்டுமா?

நான் பதினெட்டு வருடமாக ஒயரிங் வேலையில் இருக்கிறேன். அரை நாள் கூலி கேட்கும் அந்த ஆள் நான்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்டைப் பிறகு பார்க்கலாம். முதலில் உங்கள் வீட்டில் ஓட்டைகள் எங்கெங்கே வரப்போகின்றன என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நாம் சுவர் என்று சொல்வது ஒரே பொருள் இல்லை. மேலே அரை அங்குலம் சிமெண்டுப் பூச்சு, உள்ளே செங்கல். கட்டடச் செங்கலுக்கு இந்தியத் தர அளவுப்படி வேண்டிய குறைந்தபட்சத் தாங்குதிறன் சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். செங்கல் மட்டும் என்றால் கையில் கிடைக்கும் எந்த மெஷினும் இறங்கிவிடும். அதே வீட்டு லிண்டல், பீம், பில்லர், கூரைக்குப் போட்ட எம்20 கான்கிரீட் 28 நாளில் 20 நியூட்டன் தாங்க வேண்டும். அதற்குள் கிடக்கும் கருங்கல் ஜல்லியைத் தனியாக எடுத்துப் பார்த்தால் 100-க்கு மேல் போகும். தாம்பரம், பல்லாவரம் பக்கத்துப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்த வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலண்டு என்ற புவியியலாளர் 1893-இல் அந்தப் பெயரை வைத்தார். கல்லறைக்கல்லாக முந்நூறு வருடம் நிற்கிற பாறை உங்கள் டிரில் பிட்டைப் பார்த்துப் பயப்படாது.

சரி, திரைக் கம்பி எங்கே மாட்டுவோம்? ஜன்னலுக்கு மேலே. ஜன்னலுக்கு மேலே என்ன இருக்கிறது? லிண்டல். பல வீடுகளில் ஏழடி உயரத்தில் சுவர் முழுக்கச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை. இப்போது எண்ணுங்கள். ஒரு கம்பிக்கு இரண்டு பிராக்கெட், ஒரு பிராக்கெட்டுக்கு இரண்டு ஸ்குரூ, ஆக நாலு ஓட்டை. எட்டு ஜன்னல் என்றால் 32 ஓட்டை, அத்தனையும் கான்கிரீட்டில். சாமி அலமாரிக்கும் டிவிக்கும் தண்ணீர் மெஷினுக்கும் சேர்த்துச் செங்கலில் வருவது பத்துப் பன்னிரண்டு இருந்தால் அதிகம். வீட்டுக்கு டிரில் வாங்குகிறவர்கள் செங்கலை நினைத்து வாங்குகிறார்கள், வேலையோ லிண்டலில் வந்து நிற்கிறது.

நான் வேலை கற்றுக்கொண்ட புதிதில் வாங்கிய முதல் மெஷின் ஒரு பெட்டி செட். நூறு சாமான் உள்ளே, பிட், சுத்தியல், டேப் எல்லாம் அடுக்கி, பார்க்க ஆசையாக இருக்கும். கம்பெனி பெயர் வேண்டாம். கீழ்க்கட்டளையில் ஒரு வீட்டில் திரைக் கம்பி மாட்டப் போனேன். பூச்சு சரசரவென்று இறங்கியது, அரை அங்குலம் தாண்டியதும் நின்றது. ஏணியில் நின்று நெஞ்சைக் கொடுத்து அழுத்துகிறேன், பிட் அதே இடத்தில் கத்திக்கொண்டு சுற்றுகிறது. வீட்டுக்கார அம்மா காபி கொண்டுவந்தார், டம்ளரை எடுத்துப் போனார், ஓட்டை அதே ஆழத்தில் இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் பிட் நுனி நீலம் பாரித்திருக்கிறது, முனையில் இருக்க வேண்டிய கார்பைடு துண்டு காணவில்லை. சூட்டில் பற்றவைப்பு விட்டு ஓட்டைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. அந்த ஓட்டையை அடைத்து ஒரு அங்குலம் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. மறுநாள் மேஸ்திரியின் பழைய ரோட்டரி ஹாமரைக் கேட்டு வாங்கிப் போனேன். ஒரு ஓட்டைக்குப் பதினைந்து வினாடி ஆகியிருக்கும். அழுத்தவே இல்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றேன்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உள்ளே இருக்கிறது. கடையில் ஹாமர் டிரில் என்று கேட்டால் இரண்டு வேறு மெஷின்களை அதே பெயரில் எடுத்து வைப்பார்கள். ஒன்று இம்பாக்ட் டிரில். பிட்டைப் பிடித்துக்கொள்ள, சாவி போட்டு முறுக்கும் சக் இருக்கும், மேலே சுத்தியல் படம் போட்ட ஒரு சுவிட்ச் இருக்கும். அதற்குள் பல் வைத்த இரண்டு வட்டத் தட்டுகள். சுற்றும்போது ஒன்றின் பல் மற்றொன்றின் மேல் ஏறி விழும், அந்த அதிர்ச்சிதான் குத்து. போஷ் கம்பெனியின் ஜிஎஸ்பி 500 ஆர்இ நிமிடத்துக்கு 2,600 சுற்று சுற்றுகிறது, ஒரு சுற்றுக்குப் 16 குத்து, பெருக்கினால் 41,600. பெட்டியில் இந்த எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு குத்தும் கொசு கடிப்பது மாதிரி. பல்லும் பல்லும் உரச வேண்டும் என்றால் பின்னாலிருந்து நீங்கள் அழுத்தியாக வேண்டும். கை தளர்ந்தால் குத்தும் தளரும்.

இன்னொன்று ரோட்டரி ஹாமர். இதற்குள் ஒரு சிலிண்டர், அதில் ஒரு பிஸ்டன். பிஸ்டன் முன்னே வரும்போது நடுவில் அடைபட்ட காற்று நெருங்கி, எதிரே இருக்கும் இரும்புக் கட்டையைத் தூக்கி எறியும். அது போய்ப் பிட்டின் பின்பக்கத்தில் அடிக்கும். நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான். மற்றதில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஒவ்வொரு அடியும் நிஜமான அடி, ஜல்லியை உடைக்கும் அடி. இந்த அடியை ஜூல் கணக்கில் சொல்வார்கள். அடிக்கும்போது பிட் தன் பிடிக்குள் முன்னும் பின்னும் நகர வேண்டும், அதனால் சாதாரண சக் உதவாது. போஷும் ஹில்டியும் சேர்ந்து 1975-இல் கொண்டுவந்த எஸ்டிஎஸ் பிடி இதற்காகத்தான். பிட்டின் தண்டில் காடி வெட்டியிருக்கும், தள்ளினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும், சாவி கிடையாது. வீட்டு அளவுக்கு வருவது எஸ்டிஎஸ் பிளஸ், தண்டு 10 மி.மீ. கட்டடம் இடிக்கிறவர்களிடம் இருக்கும் 18 மி.மீ தண்டு எஸ்டிஎஸ் மேக்ஸ், அது நமக்கு வேண்டாம்.

இப்போது வாட்டுக்கு வருவோம். வாட் என்பது மெஷின் மின்சாரத்தை எவ்வளவு தின்கிறது என்ற கணக்கு. சுவருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை அது சொல்லாது. 850 வாட் இம்பாக்ட் டிரில் லிண்டலில் திணறும் இடத்தில் 720 வாட் ரோட்டரி ஹாமர் சத்தமில்லாமல் வேலையை முடிக்கும். (சத்தமில்லாமல் என்பது பேச்சுக்கு. அடுக்குமாடி என்றால் மேல் வீடு கீழ் வீடு இரண்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.) ரோட்டரி ஹாமரில் பார்க்க வேண்டிய எண் ஜூல். போஷ் ஜிபிஎச் 220-க்கு 2 ஜூல், மகிடா எச்ஆர் 2470-க்கு 2.4, ஜிபிஎச் 2-26-க்கு 2.7. வீட்டுக்கு 2 ஜூல் தாராளம். கான்கிரீட்டில் 22 மி.மீ, 26 மி.மீ என்று பெட்டியில் போட்டிருப்பது அந்த மெஷினால் முடிந்த ஆகப் பெரிய ஓட்டை. அதில் பாதி வரைதான் நிம்மதியாகப் போகும். இம்பாக்ட் டிரில்லுக்கும் இதே கணக்கு. 10 மி.மீ என்று போட்ட 500 வாட் மெஷினில் கான்கிரீட்டில் 6 மி.மீ போடலாம். ஜல்லி குறுக்கே வராத வரைக்கும்.

உங்கள் 4,000 ரூபாய்க்கு என்ன வரும்? பெயர் பெற்ற கம்பெனியின் 500, 600 வாட் இம்பாக்ட் டிரில் சுமார் 2,500-இலிருந்து 4,000-க்குள் கிடைக்கும். அதே கம்பெனிகளின் சின்ன ரோட்டரி ஹாமர் 6,000-க்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. நடுவில் 3,500, 4,500 என்று அடுத்த வரிசைக் கம்பெனிகளின் 20 மி.மீ, 22 மி.மீ ரோட்டரி ஹாமர்கள் இருக்கின்றன. உங்கள் 32 லிண்டல் ஓட்டைக்கு நான் சொல்வது, இன்னும் இரண்டு மாதம் பொறுத்துக் கொஞ்சம் சேர்த்து 2 ஜூல் ரோட்டரி ஹாமர் வாங்குங்கள். பொறுக்க முடியாது என்றால் அந்த நடு வரிசையில் வாங்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: அந்தக் கம்பெனிக்கு உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்க வேண்டும், கார்பன் பிரஷும் சுவிட்சும் தனியாகக் கிடைக்க வேண்டும். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பகுதி) கிடைக்காத மெஷின் எரிந்த அன்றே பழைய இரும்புதான். 2,500 ரூபாய்க்கு 1,200 வாட், 26 மி.மீ, கூடவே அஞ்சு பிட், மூன்று உளி என்று வருவதை எடுக்காதீர்கள். அதிலே எதை மிச்சப்படுத்தியிருப்பார்கள் என்றால் கிளட்சை. பிட் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் மாட்டி நின்றால் மெஷினின் சுற்றை அறுத்துவிட வேண்டியது அந்தக் கிளட்ச். அது வேலை செய்யாவிட்டால் பிட் நின்ற இடத்தில் நிற்கும், மெஷின் சுற்றும், கூடவே உங்கள் மணிக்கட்டும். பக்கக் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடமே உண்டு, நீங்கள் பழகாதீர்கள்.

ரோட்டரி ஹாமர் எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டரை கிலோ எடை, ஏணியில் நின்று கூரையில் ஓட்டை போட்டால் தோள் சொல்லும். மரத்திலும் இரும்பிலும் போட வேண்டும் என்றால் சாவி சக் ஒன்றைத் தனியாக மாட்ட வேண்டும், அது லேசாக ஆடும், மாட்டியிருக்கும்போது அடியை நிறுத்திவிட வேண்டும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் முழு அடியில் விட்டால் இந்தப் பக்கம் 8 மி.மீ ஓட்டை, அந்தப் பக்கம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்து கிடக்கும். நுரை மாதிரி லேசான ஏஏசி பிளாக் சுவர் என்றால் அடியே கூடாது, சும்மா சுற்றவிட்டாலே போதும், அடித்தால் ஓட்டை கிண்ணமாகிவிடும். ஆகவே உங்களுக்கு வேலை முக்கால்வாசி செங்கலிலும் மரத்திலும்தான், கான்கிரீட்டில் வருடத்துக்கு நாலு ஓட்டை என்றால், 500 வாட் இம்பாக்ட் டிரில்லே சரி. அந்த நாலு ஓட்டைக்கு ரோட்டரி ஹாமரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், சில நூறு ரூபாய்தான். மாறாக, சுவரே முழுக்கக் கான்கிரீட்டாக ஊற்றிய மிவான் வகை அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், நேராக ரோட்டரி ஹாமர்தான்.

சார்ஜ் போட்டு ஓடும் மெஷினைப் பற்றியும் கேட்பீர்கள். நல்லவை இருக்கின்றன, ஆனால் மாதம் ஒரு ஓட்டை போடுகிறவருக்குப் பேட்டரி சும்மா கிடந்தே கெடும். ஒயர் மெஷினே போதும். எர்த் முள் இல்லாத இரண்டு முள் பிளக்காக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் அச்சிட்டிருந்தால் இரட்டைக் காப்பு என்று அர்த்தம், எர்த் தேவையில்லை. 800 வாட் என்றாலும் மூன்றரை ஆம்பியர்தான் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டிலேயே ஓடும்.

கடையில் பெட்டியைப் பிரித்து ஓட்டிப் பாருங்கள். டிரிக்கரை மெதுவாக அழுத்தினால் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். ஓட்டையைத் தொடங்கும்போது இந்த நிதானம் இல்லாவிட்டால் பிட் சுவரில் கோலம் போடும். பின்பக்கம் சுற்றும் வசதி வேண்டும், மாட்டிக்கொண்ட பிட்டை எடுக்க. இம்பாக்ட் டிரில் என்றால் சக்கைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடக் கூடாது. ரோட்டரி ஹாமரில் பிட் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடத்தான் செய்யும், அதைக் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரோட்டரி ஹாமர் காற்றில் அடிக்காது, சுவரில் வைத்து லேசாகத் தள்ளினால்தான் அடி தொடங்கும். அதுவும் குறை இல்லை. அப்புறம், பெயரில் ஒரு எழுத்தை மாற்றி, நிறத்தை அப்படியே வைத்து வரும் போலிகள் நிறைய. பில்லும் முத்திரை வைத்த வாரண்டி அட்டையும் தராத கடையில் 500 ரூபாய் மிச்சம் என்று எடுக்காதீர்கள்.

மெஷினில் காட்டும் கவனத்தில் பாதியையாவது பிட்டில் காட்டுங்கள். செட்டோடு இலவசமாக வரும் பிட்டுகளைச் செங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டுக்குத் தனியாக ஒரு நல்ல 6 மி.மீ, ஒரு 8 மி.மீ வாங்குங்கள். எஸ்டிஎஸ் பிட்டில் நீளம் 110, 160 என்று இருக்கும். 110-இல் சுவருக்குள் போவது 50 மி.மீ தான், பூச்சு தடிமனாக இருந்தால் போதாது, 160 எடுங்கள். முனையில் ஒரே கத்தி மாதிரி இருப்பது வழக்கமானது. கூட்டல் குறி மாதிரி நாலு முனை உள்ளது விலை கூட, ஆனால் கம்பிப் பக்கத்தில் உரசினாலும் சட்டென்று மாட்டாது, ஓட்டையும் வட்டமாக வரும். வீட்டில் பெரும்பாலான வேலைக்கு 6 மி.மீ ஓட்டையும் அதற்கேற்ற பிளாஸ்டிக் பிளக்கும், கனமான அலமாரிக்கு 8. கீசர், ஏசி வெளி யூனிட் இரண்டுக்கும் பிளாஸ்டிக் பிளக் கூடாது, இரும்பு ஆங்கர் போல்ட்தான். பிளக் ஓட்டைக்குள் லொடலொடவென்று போனால் தீக்குச்சியைச் செருகிச் சமாளிக்காதீர்கள். அலமாரி விழுவது எப்போதும் ராத்திரிதான்.

ஓட்டை போடும்போது அழுத்தாதீர்கள், ரோட்டரி ஹாமரில் முக்கியமாக. நாலைந்து வினாடிக்கு ஒருமுறை சுற்றவிட்டபடியே பிட்டை வெளியே இழுத்துத் தூளை வெளியேற்றுங்கள். தூள் அடைந்தால்தான் பிட் சூடாகிறது. அந்தத் தூளைக் கவனியுங்கள், எந்தக் கருவியும் சொல்லாததை அது சொல்லும். முதலில் சாம்பல் நிறம், அது பூச்சு. சிவப்பாக மாறினால் செங்கல், கவலையில்லை. சிவப்பே வராமல் வெளிர் சாம்பலாக மாவு மாதிரி வந்துகொண்டிருந்தால் கான்கிரீட். தூள் நின்று உலோகம் கீச்சென்று கத்தினால் கம்பி, உடனே நிறுத்தி ஒரு அங்குலம் தள்ளிப் போடுங்கள். பில்லரில் கம்பிக்கு மேல் 40 மி.மீ, கூரையில் 20 மி.மீ கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது விதி. கூரையில் ஆழமாகப் போகாதீர்கள் என்பது அதனால்தான்.

டைல்ஸ் என்றால் ஓட்டை இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அடியை நிறுத்திவிட்டு, டைல்ஸுக்கான பிட்டால் மெதுவாகத் தாண்டுங்கள். தாண்டிய பிறகு சாதாரண பிட்டை மாற்றி அடியைப் போடலாம். வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் வைரத்தூள் பிட் வேண்டும்.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடாதீர்கள். நாங்கள் பைப்பைக் கூரையிலிருந்து நேராகப் போர்டுக்கு இறக்கியிருப்போம். குழாய்க்கு நேர் மேலே தண்ணீர் பைப். அறைக்கு அறை போர்டு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அரை அடி விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மெயினை இறக்கிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து என்று வித்தை எல்லாம் வேண்டாம், அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். சமையலறையில் தண்ணீர் மெஷினுக்கு ஓட்டை போட்டுத் தண்ணீர் பைப்பையே குத்திய வீட்டுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் அவர் எனக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த கூலி பிளம்பருக்குப் போனது.

கண்ணாடி போடுங்கள், மூக்கை மூடுங்கள், கான்கிரீட் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை. ஓட்டைக்குக் கீழே ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்து டேப்பால் ஒட்டினால் தூள் அதில் விழும், வீட்டில் திட்டு பாதி குறையும். மெஷின் வந்ததும் முதல் ஓட்டையை ஹாலில் போட்டுவிடாதீர்கள். லாஃப்டுக்குள் ஏறி, உள்பக்கச் சுவரில் ஒன்று, மேலே கான்கிரீட்டில் ஒன்று போட்டுப் பாருங்கள். கோணலாகப் போனாலும் பழைய சூட்கேஸ் மறைத்துக்கொள்ளும்.